காலி ஜார்

ஒரு வீட்டை எப்படி விடறதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா? குடியிருக்கிற வீட்டைச் சொல்லலைங்க, வேலைக்குப் போற வீட்டை. "நாளையில இருந்து நான் வரலைங்க்கா"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்த ஒருத்தியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. மாமியார் வழுக்கி விழுவாங்க, ஊர்க் கோயில்ல நோம்பி சாட்டியிருப்பாங்க, புள்ளைக்கு அம்மை போட்டிருக்கும், அப்புறம் போனை எடுக்க மாட்டோம், அவ்வளவுதான். என் கூட்டாளி கோகிலா இப்படித் தன் மாமியாரை மூணு தடவை சாகடிச்சிருக்கா. அந்தம்மா என்னடான்னா போன வாரம்கூட எங்க லைன் வீட்டு வாசல்ல நின்னு அரை மணி நேரம் சண்டை போட்டுட்டுப் போகுது. வீட்டுக்காரங்ககிட்டப் பொய் சொல்லலாம், ஆனா எங்களுக்குள்ள ஒரு முறை இருக்குது. விடற வீட்டைச் சும்மா விடக் கூடாது, இன்னொருத்திக்குக் கை மாத்தி விடணும். கை மாத்தறப்ப அவகிட்ட மட்டும் எதையும் மறைக்கக் கூடாது. நாய் கடிக்குமா, அய்யா கை சும்மா இருக்குமா, பழைய சோத்தைக் குடுத்துட்டு விருந்து போட்ட மாதிரி சொல்லிக் காட்டுவாங்களா, எல்லாத்தையும் ஒண்ணு விடாம ஒப்பிக்கணும். கோகிலா இப்ப அதுக்குத்தான் காத்திருக்கா. காலையில வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கா. "ஏ கௌசி, அந்த மூணாவது மாடியைக் குடுக்கறியா இல்லையா, பதினொண்ணுக்குள்ள சொல்லிப்போடு, இல்லாட்டி நான் வேற வீடு ஒத்துக்குவேன்." இப்ப மணி பத்து முப்பத்தெட்டு. நான் அந்த மூணாவது மாடியிலதான், சௌந்தரம்மா வீட்டுப் பாத்ரூம்ல, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்கேன். சுவத்துலயும் தரையிலயும் ஆசிட் ஊறிட்டிருக்குது. இருபது நிமிஷம் ஊறணும். அதுக்குள்ள இந்த வீட்டைப் பத்தி கோகிலாகிட்ட என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணியாகணும். தண்ணி நல்லா வரும், லிப்ட் இருக்குது, டீ குடுப்பாங்க. அப்புறம்? மிக்ஸி ஓடும் கோகிலா. மிக்ஸி ஓடறப்ப நீ இருக்கிற ரூமை விட்டு வெளிய வந்துடாதே.

விட்டுடலாம். ஏழு வீடு இருக்குது எனக்கு, ஒண்ணு போனா கையா ஒடிஞ்சிரும். ஆசிட் சுருசுருன்னு சத்தம் போடுது. போர் தண்ணி உப்பு டைல்ஸ் மேல கல்லாப் படிஞ்சு கிடக்குது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சுத் தின்னுட்டிருக்குது. நான் எப்பவும் தண்ணியில கலந்துதான் ஊத்துவேன். சௌந்தரம்மாவுக்கு அது பத்தாது. "அப்படியே ஊத்து அம்மிணி, தண்ணியைக் காட்டி ஏமாத்தாதே"ன்னு வாசல்ல நிப்பாங்க. மூக்கைச் சுத்தித் துணி கட்டியிருக்கேன், அப்படியும் எரியுது. ஜன்னல் கண்ணாடியில ரெண்டைக் கழட்டி வெச்சிருக்கேன், காத்து வரட்டும்னு. காத்துக்குப் பதிலா கீழ் வீட்டுத் தாளிப்பு வாசம்தான் வருது. சௌந்தரம்மா கட்டிலுக்கு அடியில ஒத்தை அரிசியைப் போட்டு வெச்சுட்டு, கூட்டி முடிச்சதும் குனிஞ்சு பார்ப்பாங்க. நானும் விடுவேனா, அந்த அரிசியை எடுத்து மேசை மேல நடு மத்தியில வெச்சுட்டு வந்திருவேன். அதெல்லாம் விளையாட்டு மாதிரித்தான் போச்சு. சொம்புதான் விளையாட்டில்லை. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, பித்தளைச் சொம்பை ஈரத்தோட அலமாரியில வெச்சுட்டேனாம். திரும்பினேன், பறந்து வந்துச்சு. புருவத்துல பட்டுக் கீழ விழுந்து கொஞ்ச நேரம் சுத்துச்சு, அது நிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் அதையே பார்த்துட்டிருந்தோம். நான் சிரிச்சுட்டேன். எனக்கு அப்படித்தான், அடி விழுந்தா சிரிப்பு வந்திரும். எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல இதுக்குன்னே எனக்கு ஒரு அடி சேர்த்து விழும். "சிரிக்கறா பாரு"ன்னு வாத்தியார் இன்னொரு கையையும் நீட்டச் சொல்லுவாரு. சாயங்காலம் என் வீட்டுக்காரர் தனபால் புருவத்தைப் பார்த்துட்டு என்னாச்சுன்னு கேட்டாரு. குழாய்ல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னேன். எதுக்குக் குழாய்னு வாயில வந்துச்சோ. சொம்பு, கதவு, மாடிப்படி, எத்தனை இருக்குது சொல்றதுக்கு. வேண்டாம், குழாயைப் பத்தி இப்ப நினைக்க வேண்டாம். இந்தப் பிரஷ்ஷுக்கு நீளக் கட்டை. கெட்டிப் பிளாஸ்டிக்கு, உள்ள கம்பி. சௌந்தரம்மா வாசல்ல வந்து நிக்கறப்ப, "அந்த மூலையைப் பாரு"ன்னு விரலை நீட்டறப்ப, இதைத் தூக்கி ஒரே போடு, பின் மண்டையில. குப்புற விழுவாங்க, இந்த நுரைக்குள்ளயே. மூஞ்சி சுருசுருன்னு. மறுபடி ஒண்ணு. மறுபடி. கட்டை உடையற வரைக்கும். ரத்தம் டைல்ஸ் இடுக்குல இறங்கிரும். அதுக்கு ஆசிட் ஆகாது, சுடுதண்ணியும் ஆகாது, பச்சைத் தண்ணியை ஊத்தி ஊற வெச்சுத் துடைக்கணும். பாருங்க என் புத்தியை. கொலை பண்ணினாலும் கழுவறது நான்தான். மணி பத்து நாப்பத்திரண்டு.

முதல் மாசம் சட்னி அரைக்கறாங்கன்னுதான் நெனச்சேன். நான் வர்ற செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும், ஒரு பத்தரை பதினோரு மணிக்கு மிக்ஸி ஓடும். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். கடைசியா நான் பாத்திரம் கழுவப் போனா, தொட்டியில தட்டு இருக்கும், டம்ளர் இருக்கும், ஜார் இருக்காது. ஜார் மிக்ஸி மேலயே மூடியோட உக்காந்திருக்கும். திறந்து பார்த்தா காஞ்சு கிடக்கும். பிளேடு பளபளன்னு, ஒரு பருப்புத் தோல்கூட ஒட்டாம. சரக்குப் போட்டு அரைச்சா மிக்ஸி உறுமும், சும்மா ஓடினாக் கீச்சுன்னு கத்தும். இவங்க வீட்டு மிக்ஸி கத்தத்தான் செய்யும். துடைச்சு வெச்சுட்டாங்களாக்கும்னு விட்டுட்டேன். அடுத்த வீட்டு ஜார் பத்தி நமக்கென்ன. அப்புறம் ஒரு சனிக்கிழமை நெசமாவே தேங்காய்ச் சட்னி அரைச்சாங்க. நான் அய்யா ரூமைத் துடைச்சுட்டிருந்தேன். அய்யான்னா சௌந்தரம்மா வீட்டுக்காரர், அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருசமாகுது, வலது பக்கம் சுத்தமா வராது, பேச்சும் வராது. கட்டில்ல கிடப்பாரு. ரூம்ல அவரும் நானும்தான். சமையல்கட்டுல மிக்ஸி உறுமுச்சு. அய்யா இடது கையைத் தூக்கி மூஞ்சியை மூடினாரு. மூடிட்டு, கண்ணை இறுக்கிட்டு, அடி விழுகக் காத்துக்கிட்டிருந்தாரு. சட்னி அரைச்சு முடிஞ்சுது. கையை எடுக்கல. நான் துடைக்கற துணியைப் புழிஞ்சுட்டே நின்னேன். தேங்காய் வாசம் ரூமுக்குள்ள வந்ததுக்கு அப்புறம்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாரு. அவர் சட்டைக் கை விலகியிருந்துச்சு. தோளுக்குக் கீழ பழசும் புதுசுமா மஞ்சளும் நீலமும். அன்னைக்குத்தான் எல்லா நாளுமா சேர்ந்து எனக்குக் கேட்டுச்சு. மூணு மாசத்துக் கீச்சு. அதுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு.

அப்ப விட்டுடக் கூடாது. நான் போயிட்டா அந்த ரூமுக்குள்ள வர்ற ஆள் யாரு? சனிக்கிழமை கை காலுக்குப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருது, அரை மணி நேரம், அதுவும் போனைப் பார்த்துட்டே. மகன் வெளிநாட்டுல, ஞாயித்துக்கிழமை வீடியோவுல வருவான், "அப்பா நல்லா இருக்காரா"ன்னு கேட்டுட்டுப் பதில் வர்றதுக்குள்ள போயிருவான். அவன் கேட்டு வளர்ந்த சத்தம் வேற. அது டிவி. இதையும் சௌந்தரம்மாதான் சொன்னாங்க, ஒரு நாள் டீயைக் கையில குடுத்துட்டு, குழம்புக்குப் பக்குவம் சொல்ற மாதிரி. சுண்டு விரலைக் காட்டினாங்க, கோணிக்கிட்டு இருக்கும். "இது கதவு. இந்த மணிக்கட்டு இட்லிக் குண்டான். உங்கய்யா லேத்துப் பட்டறை வெச்சிருந்தாரில்ல, கை இரும்பு. இருபத்தாறு வருசம். ஆனா மானஸ்தரு அம்மிணி, அடிக்கறதுக்கு முன்னால டிவியை சத்தமா வெச்சிருவாரு. பக்கத்து வீட்டுக்கு ஒண்ணும் கேக்கக் கூடாதாம்." நான் டீயை வாயில வெச்சுட்டு இந்த வீட்டுல டிவியே இல்லையேன்னு பார்த்தேன். "வித்துட்டேன்"னாங்க. "எனக்கு டிவி பிடிக்காது." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பொய் சொல்வானேன், அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. வாங்கட்டும். அய்யா நல்லா வாங்கட்டும். நோம்பிக்குக் கெடா வெட்டறப்ப மத்த புள்ளைக கண்ணை மூடும், நான் முன் வரிசையில போய் நிப்பேன். தலை தனியாப் போனதுக்கு அப்புறமும் கால் உதைக்கும் பாருங்க, அதைப் பார்க்கறதுக்கு. ஆனா கெடா மறு நாளும் உயிரோட கிடக்கறதில்லை. மறு நாளும் பத்தரை மணி ஆகறதைப் பார்த்துட்டுக் கிடக்கறதில்லை. அவரு கண்ணு எப்பவும் சுவத்துக் கடிகாரத்து மேலதான் இருக்கும். விட்டுட்டுப் போனா அந்தக் கண்ணு. இருந்தா இந்த வீடு. கோகிலாகிட்டக் குடுத்தா, அவ வாய்க்கு ஒரே வாரத்துல சொம்பு திரும்பிப் பறக்கும். இல்லாட்டி அவளும் பாத்ரூம்லயே உக்காந்து பழகிக்குவா. நான் பழகிக்கலையா. மூக்கு எரியறது நின்னு போச்சு பாருங்க, பழகிருச்சு.

பழகறதுன்னா அங்க வந்து முட்டுது. குழாய். எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்குது, சரி, நெனச்சுத் தொலைக்கறேன். ஞாயித்துக்கிழமை காலையில என் மக இனியா சோப்புத்தூள் பாக்கெட்டைக் குடிக்கற தண்ணி டிரம்முல கொட்டிட்டா. நாலு வயசு. என்னாட்டம் வேலை செய்யறாளாம். டிரம்மு நிறைய நுரை. மூணு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. நான் கத்தல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது, கத்தவே இல்லை. அவ கையைப் புடிச்சுக் குளிக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், தகரத் தடுப்பைச் சாத்தினேன், சில்வர் பக்கெட்டைக் குழாய்க்கு அடியில வெச்சேன். போர் தண்ணிக் குழாயை முழுசாத் திறந்தேன். பக்கெட்டு டமடமன்னு அதிர்ந்துச்சு. அப்புறம் அடிச்சேன். நாலு. முதுகுல ரெண்டு, கன்னத்துல ஒண்ணு, எங்கேன்னு தெரியாம ஒண்ணு. எங்களுக்கும் பக்கத்து வீட்டுச் செண்பகக்காவுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவருதான். என் கை தன்னால குழாய்க்குப் போச்சு. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. எங்கம்மா என்னை விளக்குமாத்துல அடிச்சிருக்கா, தெருவே வேடிக்கை பார்க்க, வாயில வந்ததெல்லாம் திட்டிக்கிட்டு, அடிச்சு முடிச்சு அவளே அழுவா. ஒளிச்சு அடிக்கற வித்தை எங்க குடும்பத்துல கிடையாது. அது இந்த வீட்டுல இருந்து வந்தது. பத்துப் பாத்திரம் துலக்கிக் கையில ஒட்டின அழுக்கோட அதுவும் ஒட்டி வந்திருக்குது. அன்னைக்கு மத்தியானமே புள்ளை மறந்துட்டா, மடியில உக்காந்து சோறு தின்னா, நானும் மறந்துட்டதா வெச்சுக்கிட்டேன். இன்னைக்குக் காலையில அவளைக் குளிப்பாட்ட அதே பக்கெட்டை வெச்சுக் குழாயைத் திறந்தேன். சும்மா குளிக்கறதுக்கு. ரெண்டு கையையும் தூக்கித் தலை மேல வெச்சுக்கிட்டா. அழுகல, ஒண்ணுமில்லை. கண்ணை இறுக்கிட்டு நின்னா. நான் குழாயை மூடினதும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தா.

மணி பத்து நாப்பத்தொம்பது. அப்பத்தான் மிக்ஸி கத்துச்சு. கீச்சுன்னு, சரக்கில்லாம. எப்பவும் நான் என்ன பண்ணுவேன்னா பிரஷ்ஷை எடுத்து இன்னும் வேகமாத் தேய்ப்பேன், அந்தச் சத்தத்தோட என் சத்தமும் சேர்ந்துக்கும். இன்னைக்குத் தேய்க்க முடியாது, ஆசிட் ஊறி முடியல. கையில பிரஷ்ஷு மட்டும் இருந்துச்சு. எந்திரிச்சது தெரியுது, வெளிய வந்தது தெரியுது, நடுவுல கதவைத் திறந்தது ஞாபகமில்லை. வழியில இடது பக்கம் சமையல்கட்டு. அங்க ஆளே இல்லை. மேடை மேல அந்த மிக்ஸி மட்டும் காலி ஜாரைத் தலையில வெச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துட்டே, தன்னால ஓடிட்டிருந்துச்சு. அய்யா ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. கட்டையை ரெண்டு கையிலயும் புடிச்சுத் தலைக்கு மேல தூக்கிட்டேன். கதவைத்தான் உடைக்கப் போறேனா, உள்ள போய் அவங்களைத்தான் போடப் போறேனா, சத்தியமா எனக்குத் தெரியாது. தூக்கின இடத்துல, கதவுக்கு மேல, கரன்ட் மெயின் பெட்டி. ஈரக் கையால அதைத் தொடக் கூடாதுன்னு எந்த வீட்டுலயும் முதல் நாளே எனக்கு நானே சொல்லிக்குவேன். கட்டை நுனியால ஓங்கி ஒரு குத்து. மூடி தெறிச்சுது. ரெண்டாவது குத்துல சுவிட்ச் கீழ விழுந்துச்சு. மிக்ஸி இறங்கி இறங்கி நின்னுச்சு. பேன் நின்னுச்சு, பிரிஜ்ஜு நின்னுச்சு, வீடே அமந்து போச்சு. அந்த அமைதிக்குள்ள ரெண்டு அடி விழுந்துச்சு. பட். பட். அவங்க கைக்குத் தெரியல, அது தன் வேகத்துல போயிட்டிருந்துச்சு. அப்புறம் அய்யா குரல், கன்னுக்குட்டியாட்டம் ஒண்ணு. அப்புறம் கைக்குத் தெரிஞ்சு போச்சு.

கதவு திறந்துச்சு. கொண்டை அவுந்து தோள்ல கிடக்குது, வலது உள்ளங்கையை முந்தானையில தேய்ச்சுட்டே நின்னாங்க. "கரன்ட் போயிருச்சா?" "இல்லீங், நான்தான் அமத்தினேன்." "எதுக்கு?" "ஜார் காலியா ஓடுதுங். மோட்டார் புகைஞ்சு போயிரும்." அவங்க என் கையில இருந்த கட்டையைப் பார்த்தாங்க. "அடிக்கப் போறியா?" "அப்படித்தாங் வந்தேன்"னேன். சிரிப்பு வந்திருச்சு, கூடவே கண்ணுல தண்ணியும். சௌந்தரம்மா சிரிக்கல. சுவத்துல முதுகை வெச்சு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "கேட்டுச்சா?" "கேட்டுச்சுங்." "இத்தனை நாளும் தெரியுமா?" "பாத்திரம் கழுவறது நானுங்களே. ஜார் காஞ்சுதான கிடக்கும்." உள்ள அய்யா மூச்சு வாங்கறது கேட்டுச்சு. என் வாய் எப்பவும் போல ஓடுச்சு. இன்னைக்கே ஒரு ஆள் பார்த்துத் தர்றேன், ஆஸ்பத்திரில வேலை செஞ்ச ஆம்பளை ஆளு, அய்யாவைக் குளிப்பாட்ட, துடைக்க, திருப்பிப் போட எல்லாம் அவரு பார்த்துக்குவாரு, நீங்க தனியா அந்த ரூமுக்குள்ள போக வேண்டாம். சனிக்கிழமை வர்ற பொண்ணுகிட்ட அய்யா தோள்ல இருக்கிற நீலத்தைக் காட்டத்தான் போறேன், உங்க முன்னாலயே காட்டுவேன், ஒளிச்சுச் சொல்ல மாட்டேன். "அவரு எனக்குப் பண்ணினதை எந்தப் பொண்ணுகிட்டக் காட்டறது?"ன்னாங்க. கோணின விரலையே பார்த்துட்டு நின்னேன். "அதையும் காட்டுங்"னேன். அப்புறம் அவங்க தலையைத் தூக்கி, "அப்ப வியாழக்கிழமை வருவியா நீ?"ன்னு கேட்டாங்க. "வருவனுங். இந்த வீட்டைக் கை மாத்தறாப்புல இல்லை." சௌந்தரம்மா சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினாங்க. "அந்த மிக்ஸியை நீயே எடுத்துட்டுப் போயிரு அம்மிணி. உன் வீட்டுக்கு வெச்சுக்கோ. என் கண்ணுல படவே வேண்டாம்." என் வீட்டுக்கா. "எங்க வீட்டுக்கு வேண்டாங்"னேன், "எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது."

ஆசிட்டு. ஓடினேன். பதினொண்ணு அஞ்சு. மூலையில ரெண்டு டைல்ஸ் பளபளப்பே போய்ச் செத்த மீன் கண்ணாட்டம் வெளுத்துட்டிருந்துச்சு. எத்தனை தண்ணி ஊத்தினாலும் இனி அது அப்படித்தான். அரிசியைத் தேடறவங்க கண்ணுல இது படாமயா போகும், படட்டும். கோகிலா ரெண்டு தடவை போன்ல கூப்பிட்டிருக்கா. அவளுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். ஈரக் கையைச் சட்டையில துடைச்சுட்டு வேற நம்பரைப் போட்டேன். இந்த வீட்டுக் கதவுக்கு நான் இருக்கேன். என் கதவுக்கு ஒரு ஆள் வேணுமே. "என்னடி, இந்நேரத்துக்கு?"ன்னாங்க செண்பகக்கா. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. "அக்கா, எங்க வீட்டுப் போர் குழாய் சத்தம் உங்களுக்குக் கேக்குமா?" "குழாய் சத்தம்தான் கேட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கியா கௌசி? ஞாயித்துக்கிழமை உன் வாசப்படி வரைக்கும் வந்தேன். நமக்கெதுக்குன்னு திரும்பிட்டேன்." பாத்ரூம் சுவத்தைப் புடிச்சுட்டேன். எத்தனை பெரிய பக்கெட்டு வெச்சேன், எத்தனை வேகமாத் திறந்து விட்டேன். "அக்கா"ன்னேன், "இனிமே அந்தக் குழாய் டமடமன்னு விழுந்துச்சுன்னா வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிராதீங்க்கா. கதவைத் தட்டுங்க. நான் திறக்கலைன்னாலும் நிறுத்தாமத் தட்டுங்க."